மூன்று நிமிடம் கூடுதலாகக் கேட்ட குரல்

மெர்ல் ஃபிட்ஸ்னர் முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். தென் ஆஸ்திரேலியாவில் எங்கள் ஊரான போர்ட் பிரியில் அவளிடம் "உட்காருடா" என்று திட்டு வாங்காத ஆள் குறைவு. காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. நடுவில் கிடைத்த நேரமெல்லாம் ரேடியோவுக்குத்தான்.

எங்களைப் போன்ற அமெச்சூர் ரேடியோக்காரர்கள் பேசிக்கொள்வதற்கென்றே சில சின்னச் செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. ஒன்று தலைக்கு மேல் வந்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும். ஆன்டெனாவை அதன் பக்கம் திருப்பிக்கொண்டே பேச வேண்டும். அந்த நேரத்தில் அதே செயற்கைக்கோள் யார் வானத்தில் நிற்கிறதோ அவருக்கெல்லாம் கேட்கும். நியூசிலாந்திலிருந்து ஒருவர், ஃபிஜியிலிருந்து ஒருவர் பதில் சொல்வார். பேசியதற்குச் சாட்சியாகப் பிறகு இருவரும் தபாலில் அட்டை அனுப்பிக்கொள்வார்கள். யாரும் பேசியிராத இடத்து அட்டை என்றால் எங்கள் ஆட்கள் உயிரை விடுவார்கள்.

டெஸ் காவனாவும் மெர்லும் பத்தொன்பது வருடக் கூட்டாளிகள். அவள் வீட்டுக் கோழிக்கொட்டகை மேல் நின்ற ஆன்டெனாவையும் அதைத் திருப்பும் மோட்டாரையும் இரண்டு பேருமாகத்தான் ஏற்றினார்கள். அவன் பேச்சுக்காரன், அவள் கைக்காரி.

ஒருநாள் எங்கள் கிளப் கூட்டத்தில் டெஸ் எழுந்து நின்றான். கிழக்குக் கரையில் இருக்கும் பண்டபர்க்கிலிருந்து பவளக் கடலுக்குப் போகும் மீன்பிடிப் படகில் அவனுக்கு ஓர் இடம் கிடைத்திருந்தது. ஹார்லன் திட்டு என்ற வெறும் மணல்மேட்டில் நான்கு நாள் இறங்கப்போகிறான். அங்கிருந்து அதுவரை யாரும் செயற்கைக்கோளில் பேசியதில்லை.

"நீயும் வாயேன், பஸ்காரி. படகுக்காரன்கிட்ட கெஞ்சிப் பாக்கிறேன்" என்றான்.

"பிள்ளைங்கள யாருடா ஏத்திட்டுப் போவா, உங்க மாமனாரா? நீ போ. ரேடியோ செட்டு நான் செஞ்சு தர்றேன்."

அந்த ஜூன், ஜூலைக் குளிர்காலம் முழுக்க அவள் சமையலறை மேசையில் சாப்பிட இடமில்லை. எஃகு அளவு நாடாவைத் துண்டு துண்டாக வெட்டி, பிளாஸ்டிக் குழாயில் பூட்டி, மடக்கினால் தூண்டில் பைக்குள் அடங்குகிற ஆன்டெனா ஒன்று செய்தாள். மெல்லிய ஒலியைப் பெருக்கும் சின்னப் பெட்டியை உப்புக்காற்று ஏறாதபடி மெழுகு வைத்து அடைத்தாள். கேட்க ஒரு ரேடியோ, பேச ஒரு ரேடியோ, இரண்டுக்கும் உபரி பேட்டரிகள். கடலில் கைநழுவினாலும் மிதக்கட்டும் என்று பைக்குள் நுரைத்துண்டுகள் வேறு திணித்தாள்.

ஆகஸ்டில் அவன் குரல் வந்தது. பின்னணியில் காற்று இரைந்தது. "ஹார்லன் திட்டிலிருந்து பேசுறேன்!" மெர்ல் கொட்டகைப் பக்கத்தில் நின்று அழுதாளாம். நான்கு நாளில் எண்பத்தேழு பேர் அவனோடு பேசினார்கள். திரும்பி வந்ததும் பட்டியலை அவளிடம் கொடுத்தான். அவள்தான் எண்பத்தேழு அட்டையையும் எழுதி, 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.

அக்டோபரில் ஆண்டுக் கூட்டத்தில் போட்டுக் காட்ட அந்த ஒலிப்பதிவுகளைத் தரச்சொல்லி அவளிடம் கேட்டோம். அவள் எல்லாவற்றையும் பதிவு செய்து வைத்திருந்தாள். செயற்கைக்கோள் எந்த நேரத்தில் எந்த ஊருக்கு உதித்து மறைந்தது என்று கணக்குப் பார்த்து ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்ட ஆரம்பித்தாள். ஒரு பதிவில் கை நின்றது. அந்தச் சனிக்கிழமைச் சுற்றில் செயற்கைக்கோள் மேற்கே பாலைவனத்துக்கு மேலாகப் போயிருந்தது. பிற்பகல் 3.41-க்கே, கிழக்கே நடுக்கடலில் கிடந்த ஹார்லன் திட்டுக்கு அது அடிவானத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. 3.44-க்கு டெஸ் மேற்கே கல்கூர்லி ஊர்க்காரர் ஒருவரிடம் ஜோக் அடித்துக்கொண்டிருந்தான், அட்சரம் பிசகாத தெளிவோடு. திட்டிலிருந்து பேசியிருந்தால் அந்தக் குரல் யாருக்கும் கேட்டிருக்காது.

தன் கடிகாரம்தான் தப்பு என்று நினைத்தாள். தப்பில்லை. கணக்கை மூன்று முறை போட்டாள். இன்னொரு பதிவிலும் அதே கதை.

ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு டெஸ் வீட்டுக்குப் போனாள். அவன் கொல்லைக் குழாயடியில் மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"நீ திட்டுக்குப் போகவே இல்லையாடா?"

"யாரு சொன்னா?"

"செயற்கைக்கோள் சொல்லிச்சு."

கத்தி நின்றது. "கடல் சரியில்ல மெர்ல். படகுக்காரன் முதல் நாளே திருப்பிட்டான். அத்தனை பேரு காத்துக்கிட்டு இருந்தாங்க, என்ன பண்ணச் சொல்ற? பண்டபர்க்ல அக்கா வீட்டுக்குப் பின்னாடி நின்னு பேசினேன்."

"அந்தக் காத்து?"

"மேசை ஃபேன்."

"எண்பத்தேழு அட்டையில என் கையெழுத்து இருக்குடா!"

"அதனாலதான் ஒருத்தனும் சந்தேகப்படல. உன் பேருக்கு அப்படி மரியாதை."

அதை அவன் பாராட்டாகவே சொன்னான். அதுதான் தாங்கவில்லை என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

நான் அப்போது கிளப் செயலாளர். அங்கிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். "விட்டுடேன் மெர்ல்" என்றேன். "கிளப்ல இருக்கிறதே பதினாலு பேரு. இதுக்குப் போய் சண்டையா?"

அவள் கோப்பையைத் தொடவில்லை. என் முகத்தையே பார்த்தாள். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

தெரியும். படகு திரும்பிய அன்றே டெஸ் எனக்குப் போன் செய்திருந்தான். ஃபேன் யோசனையைக் கேட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "மெர்லுக்குச் சொல்லிடாதே, மனசு ஒடஞ்சிடுவா" என்றதும் நான்தான். இதில் எதையும் அவளிடம் சொல்லாமல் கெண்டியை எடுத்து என் கோப்பையை நிரப்பப் போனேன். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

"ரெண்டு பேரும் சேர்ந்து நல்லா ஏமாத்தினீங்கடா" என்றாள். சத்தமே போடவில்லை. எழுந்து போய்விட்டாள்.

அந்த வாரமே எண்பத்தேழு கடிதம் எழுதினாள். அட்டை செல்லாது, டெஸ் அங்கே போகவில்லை, விசாரிக்காமல் கையெழுத்துப் போட்டது என் தவறு, மன்னியுங்கள். நூமியாவிலிருந்து ஒரு பெண்மணி நன்றி சொல்லி எழுதினார். கிஸ்பர்ன்காரர் ஒருவர் அட்டையை நாலாகக் கிழித்து உறையில் போட்டு அனுப்பினார். பலர் பதிலே போடவில்லை.

ஆண்டுக் கூட்டத்தில் அவள் கிளப் மானத்தை வாங்கிவிட்டாள் என்று பேச்சு ஓடியது. டெஸ் எழுந்து இரண்டு ஜோக் சொன்னான், எல்லோரும் சிரித்தார்கள். அவனையே துணைத் தலைவராக்கினோம். நானும் கை தூக்கினேன். மெர்ல் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனவள்தான், அதன்பின் கிளப் பக்கம் வரவில்லை.

டெஸ் வாங்கித் தந்த மோட்டாரைக் கழற்றி, துடைத்து, பெட்டியில் வைத்து அவன் வாசலில் இறக்கிவிட்டாள். இப்போது ஆன்டெனாவைக் கையாலேயே திருப்புகிறாள். பிற்பகலில் செயற்கைக்கோள் கடக்கும்போது அவள் குரல் எனக்குக் கேட்கும். போன மாதம் துணிந்து, ரேடியோவில் பெயருக்குப் பதிலாகச் சொல்லும் என் அழைப்புக் குறியைச் சொன்னேன். விதிப்படி என் குறியைத் திருப்பிச் சொன்னாள், ஒலி தெளிவாகக் கேட்கிறது என்றாள். முன்பின் தெரியாத ஆளிடம் பேசுகிற தொனி. நான் அடுத்த வார்த்தைக்கு வாயெடுப்பதற்குள் அவள் கல்கூர்லிக்காரரைக் கூப்பிட்டுவிட்டாள்.