ஊளையிடக் கூடாது என்று தீர்மானிக்கப்பட்ட பொம்மி

சென்ற மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளின் வரலாற்றில் முதன்முறையாக ஒரு தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. தண்ணீர்க் குழாய் விஷயத்திலோ, ஒழுகும் கூரை விஷயத்திலோ அப்படி ஓர் ஒற்றுமை எங்களுக்கு வாய்த்ததில்லை. ‘பொம்மி என்கிற நாய், ஃபேக்டரியின் மாலைச் சங்கு ஊதியது முதல் காலைச் சங்கு ஊதும் வரை ஊளையிடலாகாது; அதன் பொருட்டு அதன் வாய் கட்டப்படும்’ என்பது தீர்மானம். நலச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் நானே அதை எழுதினேன். நாயை வளர்ப்பவன் என்ற முறையில் கீழே கையெழுத்தும் இட்டேன்.

பத்தாம் நாள் காலை, நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுச் செல்வராணி அக்கா வந்து வாசலில் நின்றார். இலை பறிக்கக் கிளம்பிய கோலம். கூடை முதுகில் இருந்தது.

“கிளார்க்கய்யா, விறகுக் கொட்டாய்ப் பக்கம் போயிராதீங்க. பொம்மி இல்லீங்க. சங்கிலிதான் கெடக்குது.”

“அத்துக்கிட்டு ஓடியிருப்பா, அக்கா.”

“ஓடுனா ரத்தம் எதுக்குங்க?”

பொம்மியைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தெரியாதவர்களுக்கு ஒரு வரி: பொம்மி பனிநாடுகளில் சறுக்குவண்டி இழுப்பதற்கென்றே பிறந்த சாதி. ஒரு கண் நீலம், மற்றது பழுப்பு. கோயம்புத்தூரில் ஒருவர் அவளை ஏசி அறையில் வைத்து வளர்த்திருக்கிறார். நாய்க்குப் புழுக்கம் தாளவில்லை என்று கோத்தகிரிக்குக் கொண்டுவந்தார். “ரெண்டே நாள் பார்த்துக்குங்க சார், வந்து கூட்டிட்டுப் போயிடறேன்” என்று என்னிடம் விட்டுச் சென்றார். அந்த இரண்டு நாள் நான்காண்டுகளாக நீண்டது. அவர் வரவில்லை. அவர் வந்துவிடுவாரோ என்று முதல் வருடம் முழுக்க ஒவ்வொரு கார் சத்தத்துக்கும் நான்தான் பயந்தேன்.

அவளை வீட்டுக்குள் படுக்கவைக்க முடியவில்லை. கம்பளிக்குள் நான் நடுங்கும் ஜனவரியில், புல்லில் உறைபனி வெளுத்துக் கிடக்க, அவள் அதன்மேல் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டுவாள். நீலகிரியின் குளிரைப் பற்றி அவளுக்குப் பெரிய அபிப்பிராயம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் விறகுக் கொட்டகையைத் தன் இடமாக ஏற்றுக்கொண்டாள்.

செல்வராணி அக்காவுக்கு முழங்கால் வலி. மேட்டுக்காட்டிலிருந்து இலை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு எடைக் கொட்டகைக்கு இறங்குவது பெரும்பாடு. ஃபேக்டரி ஃபிட்டர் டேனியல் ஒருநாள் பழைய கூரைத் தகரம் ஒன்றை எடுத்து, முன்பக்கத்தை மேல்நோக்கி வளைத்து, சாக்குப்பட்டை வாரோடு பொம்மியின் மார்பில் பூட்டினார். ஈரப்புல்லில் தகரம் வழுக்கிக்கொண்டு போனது. அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வார் இறுகியதும் காதுகளைப் பின்னுக்குச் சாய்த்து, தலையைத் தாழ்த்தி இழுத்தாள். அக்கா பின்னால் நொண்டிக்கொண்டே ஓடினார். “ஏண்டி, மெதுவாப் போடி! இலை ஃபேக்டரிக்குப் போகணும், பள்ளத்துக்கில்ல!” அன்றைக்கு எடைக் கொட்டகையில் பறிப்பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். பொம்மி வாழ்வில் தன் தொழிலைச் செய்தது அந்த மேட்டில், அன்று தொடங்கி வந்த இரண்டு மழைக்காலங்களில்தான்.

அவளுடைய வாக்குகள் என்று நினைவில் இருப்பவை மூன்று. சோறு தாமதமானால் ஒரு முணுமுணுப்பு. தகரத்தைப் பூட்டும்போது ஒரு கீச்சு. மூன்றாவது ஊளை. அந்தச் சாதி குரைப்பதில்லை. சொல்ல வேண்டியதை மூக்கை வானத்துக்குத் தூக்கித்தான் சொல்லும்.

இந்த வருடம் மழை விட்டபின் அவள் மாலைகளில் ஊளையிடத் தொடங்கினாள். முதல்முறை ஊளையிட்ட மறுநாள் லெட்சுமணன் தாத்தா இறந்தார். எண்பத்தெட்டு வயது, இரண்டு வருடமாகப் படுக்கை. இரண்டாம் முறை, ஊட்டி ஆஸ்பத்திரியில் கிடந்த ஒரு பெரியம்மா இறந்தார். ஊளை அவ்வளவு தூரம் எட்டியிருக்குமா என்று யாரும் யோசிக்கவில்லை. மூன்றாம் முறை யாரும் சாகவில்லை. அதுதான் லைனை அதிகமாகக் கலக்கியது. யாருடைய முறை என்று தெரியாமல் ஒரு வாரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். இருமியவர்கள் திண்டாடிப் போனார்கள்.

அதே வாரத்தில் லைனின் நாட்டு நாய்கள் இரண்டு காணாமல் போயின. அவை குரைக்கும் நாய்கள். அவற்றின்மேல் யாருக்கும் புகார் இல்லாததால் கூட்டத்தில் அவற்றின் பேச்சே எழவில்லை.

கூட்டத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பொம்மி ஊளையிடும்போதெல்லாம் ஒரே திசையைப் பார்த்தபடி நிற்பாள். பறிப்புக்குப் போகும் தாய்மார்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பரா இருக்கிறதே, அதற்குப் பின்னால் உண்ணிச்செடி மண்டிய சரிவு, அதைத்தான் பார்ப்பாள். கழுத்து மயிர் சிலிர்த்திருக்கும். இதை நான் கவனித்திருந்தேன். கூட்டத்தில் சொல்லவில்லை. செயலாளர் நடுநிலை வகிக்க வேண்டும் என்று நினைத்தேன். தவிர, என் நாய்க்காக நானே வாதாடினால் நன்றாகவா இருக்கும்?

டேனியல் ஒருவர்தான் பேசினார். “தலைவரே, ஊளை கேட்டா சாவு வரும்னா, நம்ம ஃபேக்டரி சங்குக்கு இந்நேரம் இந்த மலையே காலியாயிருக்கணுமுங்க.”

“உங்களுக்கு எல்லாம் வெளையாட்டுங்க டேனியலு. எங்கூட்டுல வயசானவங்க இருக்காங்க” என்றார் தலைவர் மாரியப்பன்.

“அப்ப நாயக் கட்டாதீங்க, வயசக் கட்டுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் கையைத் தூக்கினார்கள். டேனியலும் தூக்கினார், இதே ஜனங்களுக்கு அடுத்த வீட்டில் குடியிருக்க வேண்டியவர். வாய்க்கூட்டையும் அவரேதான் செய்தார். தோல்வார், இரண்டு கொக்கி. உறுதியான வேலை.

கடைசி மாலை, சங்கு ஊதியதும் வழக்கம்போல வாய்க்கூட்டை எடுத்துக்கொண்டு போனேன். ஒன்பது நாளில் அவளுக்கு அது பழகியிருந்தது. மூக்கைத் தானாகவே நீட்டுவாள். அன்று நீட்டவில்லை. சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தலையை என் பக்கம் திருப்பிக் கொக்கிகளை மாட்டினேன். தொண்டைக்குள் ஏதோ அதிர்ந்தது, என் உள்ளங்கையில் தெரிந்தது. “சும்மா இரு பொம்மி” என்றேன். அவள் என்னை மீறியதே இல்லை. சும்மா இருந்தாள்.

மறுநாள் டேனியலும் நானும் தேயிலைக்குள் தேடினோம். சரிவுக்கு இந்தப் பக்கமே கிடைத்தாள். வாய்க்கூடு கழன்றிருக்கவில்லை. கடித்துத் தப்பவோ, சத்தம் போட்டு எங்களை எழுப்பவோ அவளுக்கு வழி இருக்கவில்லை. டேனியல் மண்டியிட்டுக் கொக்கிகளைக் கழற்றினார். “நல்லாத்தான் செஞ்சிருக்கேன்” என்றார்.

மேட்டுக்காட்டு ஓரத்தில் புதைத்தோம். செல்வராணி அக்கா இப்போது இரண்டு நடையாக மூட்டையைச் சுமக்கிறார். என்னைப் பார்த்தால் முன்போல நின்று பேசுவதில்லை.

அவளிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது, என் சாம்பல் நிற ஸ்வெட்டரில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளை மயிர். எத்தனை முறை துவைத்தாலும் போவதில்லை. இப்போது துவைப்பதை நிறுத்திவிட்டேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமை காலை பிள்ளைக்காம்பராவின் படியில், ஈர மண்ணில், கால்தடம் இருந்தது. வனக்காவலர் வந்து, விரல்களை வைத்து அளந்து, சிறுத்தை என்று எழுதிக்கொண்டு போனார். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா இனி வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார். தாய்மார்கள் பிள்ளைகளை வீட்டுக்குள் விட்டு, வெளியே பூட்டுப் போட்டுவிட்டுப் பறிப்புக்குப் போகிறார்கள்.