சால்வையைப் போட்டோம், மனுவைக் கொடுக்கல

எனக்குக் கோவம் சட்டுனு வரும். ஊரே சொல்லும். அந்தக் கோவத்தால உருப்படியா நடந்தது ஒண்ணே ஒண்ணு, அதைத்தான் இங்க எழுதுறேன்.

எரியோட்டுப் பக்கம் எங்க தோட்டத்துக்கு மேக்கால ஒரு சாயப்பட்டறை வரப்போகுதுன்னு பேச்சு வந்தது. அது வந்தா எங்க கிணறு போச்சு. வெண்டையும் கத்திரியும் விளையிறது அந்தத் தண்ணியிலதான், நாங்க குடிக்கிறதும் அதேதான். பட்டறைக்காரங்களுக்குச் சங்கம் உண்டு, சென்னையில ஆபீஸ் உண்டு, அமைச்சருங்களைப் போய்ப் பார்க்கிறதுக்குன்னே சம்பளம் வாங்குற ஒரு ஆளும் உண்டு. எங்களுக்கும் விவசாயிகள் சங்கம்னு ஒண்ணு இருந்தது. டீக்கடை பெஞ்சுதான் அதுக்கு ஆபீஸ்.

தெரிஞ்ச கட்சிக்காரர் ஒருத்தரைப் பிடிச்சு, ஒரு வழியா அமைச்சரைப் பார்க்க நேரம் வாங்குனோம். பன்னெண்டு பேரு ரயிலேறுனோம், அதுல நான் ஒருத்திதான் பொம்பளை. "நீங்களும் வாங்கத்தா, போட்டோவுல ஒரு பொம்பளை நின்னா நல்லா இருக்கும்"னு சங்கத்தலைவர் சொன்னார். அப்பவே எனக்குச் சுள்ளுனு ஏறுச்சு. கிணத்தை நெனச்சு வாயை மூடிக்கிட்டேன். மனு இருந்த பையையும் என்கிட்டயே குடுத்துட்டாங்க.

அமைச்சர் அறைக்குள்ள நடந்த கூத்தைப் பார்க்கணுமே! ஆளுக்கொரு சால்வை. பெரிய மனுசரைப் பார்க்கப் போயி சால்வை போடாம வந்தா நம்ம ஆளுங்களுக்குத் தூக்கம் வராது. தலைவர் போட்டார், ஒரு போட்டோ. செயலாளர் போட்டார், ஒரு போட்டோ. பொருளாளர் போட்டது சரியா விழலைன்னு உருவி எடுத்து மறுபடியும் போட்டார்! நான் கதவோரம் நின்னேன், எங்க ஆளுங்க முதுகுதான் தெரிஞ்சது. அதுக்குள்ள அடுத்த கூட்டத்தைக் கூப்பிட்டுட்டாங்க. அமைச்சர் கும்பிட்டார், நாங்களும் கும்பிட்டோம், வெளியே வந்துட்டோம்.

கீழே ஓட்டல்ல இட்லி சாப்பிடுறப்ப தலைவர் வாட்ஸ்அப்ல போட்டோவை ஏத்திட்டு, "காரியம் முடிஞ்ச மாதிரிதான்"னார்.

"மனுவை எப்பண்ணே குடுத்தீங்க? பை என் மடியிலல்ல இருக்கு"ன்னேன்.

பதினோரு பேரும் என் மடியை எட்டிப் பார்த்தாங்க. தாலியை வீட்டுல வச்சுட்டுக் கல்யாணத்துக்குப் போன கதைதான். வந்துச்சே எனக்குக் கோவம்! "உங்க சால்வையக் கொண்டுபோயிக் குப்பையில போடுங்க"ன்னு கத்திட்டு மறுபடி மேலே ஏறிட்டேன்.

அமைச்சர் கிளம்பிட்டார். அவர் அலுவலகத்து அம்மா ஒருத்தவங்க மேசையில இருந்தாங்க. எதிர்ல பட்டறைச் சங்கத்து ஆளு, வெள்ளைச் சட்டை, சிரிச்ச முகம். சால்வை கீல்வை ஒண்ணும் இல்லை, கையில ஒரே ஒரு தாளு. அதைக் குடுத்துட்டு எனக்கும் ஒரு வணக்கம் வச்சுட்டுப் போயிட்டார்.

அந்தம்மா எங்க மனுவைப் புரட்டுனாங்க. ஏழு பக்கம்! உரம், ரோடு, பஸ்ஸுன்னு எல்லாம் வந்து, சாயப்பட்டறை ஆறாவது பக்கத்துல கிடந்தது.

"இவ்வளவையும் யாரும்மா படிப்பா? உங்களுக்கு எது முக்கியம்?"

"தண்ணி"ன்னேன். சொன்னதும் கண்ணுல பொலபொலன்னு கொட்டிருச்சு. அந்தம்மா என்னை உட்கார வச்சு ஒரு வெள்ளைத்தாளை நீட்டுனாங்க. "அதை மட்டும் எழுதுங்க, சர்வே நம்பரோட. இப்பப் போனாரே, அவர் தாளும் இதுவும் சேர்ந்தே உள்ள போகும்"னாங்க.

அப்புறம் அதிகாரிங்க வந்தாங்க, மண்ணும் தண்ணியும் எடுத்துட்டுப் போனாங்க. சில மாசத்துல அந்த இடத்துக்கு அனுமதி இல்லைன்னு கடிதம் வந்தது. அழுத பிள்ளை பால் குடிக்கும்னு சும்மாவா சொன்னாங்க! காலையில மோட்டார் போட்டுத் தண்ணி விழுறப்பெல்லாம் அந்தம்மாவை நெனச்சுக்கிறேன். மகராசி, நல்லா இருக்கணும். தலைவருக்கும் நன்றிதான், போட்டோவுக்குன்னாலும் கூட்டிட்டுப் போனது அவர்தானே.

பட்டறைக்காரங்க சும்மா இருக்கல. ஆறு கிலோமீட்டர் தள்ளி வேற இடம் பார்த்துட்டாங்க. போன வாரம் அந்த ஊருப் பொம்பளைங்க மூணு பேரு தேடி வந்து, "அக்கா, நீங்க எப்படித் தடுத்தீங்க?"ன்னு கேட்டாங்க. "நம்ம கிணறு தப்பிச்சிருச்சுல்ல, நமக்கெதுக்கு வம்பு"ன்னார் தலைவர். அவர் பயமும் பொய்யில்லை. அங்க தடுத்துட்டா, பட்டறைக்காரங்க மறுபடி எங்க மேக்காலயே அனுமதி கேட்டு வரலாம்.

நேத்து அவங்க மனுவை எழுதி முடிச்சோம், ஒரே பக்கம்தான். முதல் கையெழுத்து என்னோடது.