யான்சி, கார்டெல்: ஓர் அட்டை

இல்லை, ஒரே கட்டடம்தான். நாங்கள் மூன்றாவது மாடி, என் மகளும் பேத்தியும் நேர் கீழே. பேத்தி அழுதால் என் கட்டில்வரை கேட்கும். இருந்தாலும் அவளுக்கு நான் எதையும் தபாலில்தான் அனுப்புகிறேன். பல் முளைக்காத குழந்தைக்கு வாரம் தவறாமல் கடிதம் வருகிறதே என்று தபால்காரம்மா சிரிக்கிறாள். சிரிக்கட்டும். என் பேத்திக்குக் கன்னத்தில் குழி விழும், இடது பக்கம் மட்டும். அந்தப் பேச்சை எடுத்தால் நான் நிறுத்த மாட்டேன் என்று வீட்டில் புகார் இருக்கிறது. அதனால் அதை விடுகிறேன். நான் சொல்ல வந்தது மிஸ் பிக்கன்ஸைப் பற்றி. தபாலில் அனுப்பச் சொன்னது அவர்தான்.

நியூயார்க்கில் நவீன ஓவிய மியூசியம் ஒன்றின் தபால் அறையில் எனக்கு வேலை. மிஸ் பிக்கன்ஸ் ஆறாவது மாடியில், நூலகத்தில். ஆர்னெட்டா என்று அவருக்கு ஒரு பெயர் உண்டு. அப்படி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போடுகிற தொப்பியை வெள்ளிக்கிழமை வேலைக்கும் போட்டுவருவார். நவம்பரில் நன்றி சொல்லும் நாள் விருந்துக்கு மறுநாள் சர்க்கரைவள்ளிப் பணியாரம் ஒரு தட்டு நிறையத் தபால் அறைக்கு வரும். கிறிஸ்துமஸுக்கு என் மனைவி வாழையிலையில் கட்டி அவித்த பலகாரத்தை நான் மேலே கொண்டுபோவேன். இலையைப் பிரித்து மோந்து பார்த்துவிட்டு, “உனக்கு உன் பெண்டாட்டி அதிகம்டா நசாரியோ” என்பார். அதை அப்படியே வீட்டில் போய்ச் சொல்லச் சொல்வார்.

அவருடைய வேலையைச் சொல்ல வேண்டும். படம் வரைகிற யாராவது எங்காவது ஒரு கண்காட்சி வைத்தால், அழைப்பு அட்டை ஒன்றை மியூசியத்துக்குத் தபாலில் போடுவார்கள். மிஸ் பிக்கன்ஸ் அதன் பின்பக்கம் வந்த தேதியைப் பென்சிலில் எழுதி, வரைந்தவர் பெயரில் ஒரு கோப்பு போட்டு, இரும்பு அலமாரியில் வைப்பார். பெரிய பெயருள்ளவர்களுக்கு ஒரு இழுப்பறையே போதாது. பேர் தெரியாதவர்களுக்கு ஒரே ஓர் அட்டை. ஆனால் கோப்பு என்னவோ எல்லாருக்கும் ஒரே அளவு, ஒரே நிறம். மேலே ஊர்ப்பெயரும் பிறப்பும் எதுவும் கிடையாது. குடும்பப் பெயர், ஒரு காற்புள்ளி, சொந்தப் பெயர். அவ்வளவுதான்.

அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. எதையும் கையில் வாங்க மாட்டார். கைப்பையில் போட்டோக்களை வைத்துக்கொண்டு அம்மாக்கள் வருவார்கள், விதவைகள் வருவார்கள். “தபால்ல போடுங்கம்மா. வந்தா கண்டிப்பா கோப்பு உண்டு” என்று வாசலிலேயே சொல்லி அனுப்புவார். கையில் வாங்க ஆரம்பித்தால் ஆள் தெரிந்தவன் முதலில் நுழைவான், தெரியாதவன் வெளியே நிற்பான் என்பது அவர் கணக்கு. என்னிடம் சொல்வார்: “உன் மூட்டைக்குள்ள எல்லாரும் ஒண்ணுதான். அதான் எனக்குப் பிடிச்சிருக்கு.”

அவருடைய ஒரே மகன் கார்டெல் படம் வரைகிறவன். அப்பாவின் குடும்பப் பெயர் அவனுக்கு: யான்சி. அதனால் அவன் யார் மகன் என்று மேலே ஒருவருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது என்பது மிஸ் பிக்கன்ஸின் பிடிவாதம். கிழக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் ஒரு பழைய கடையில் முதல் கண்காட்சி வைத்தான். அட்டை தபாலில் வந்தது. நான்தான் மேலே கொண்டுபோனேன். மற்ற அட்டைகளோடு கலந்து வாங்கி, முகத்தில் எதையும் காட்டாமல் தேதி போட்டார். நான் லிஃப்டில் ஏறியதும் உள்ளேயிருந்து ஒரு பாட்டு கேட்டது. நூலகத்தில் அவர் பாடி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

அடுத்த வருடம் ஒரு மதியம் நான் பின்வாசலில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். கார்டெல் வந்து நின்றான். நல்ல உயரம். சட்டையெல்லாம் பெயின்ட்.

“நசாரியோ அண்ணே, எங்கம்மாவைக் கொஞ்சம் கீழ வரச் சொல்லுங்க. இந்தச் சட்டையைப் பாத்து என்னை உள்ள விட மாட்டேங்குறாங்க.”

“உள்ள விட்டா உன் சட்டையைக் கழட்டிச் செவுத்துல மாட்டிருவாங்கடா.”

அவன் சிரித்தான். நான் மேலே போன் போட்டேன், கொஞ்ச நேரத்தில் மிஸ் பிக்கன்ஸ் இறங்கி வந்துவிட்டார்.

“அம்மா, ரெண்டாவது ஷோ! அட்டை இப்பதான் அச்சாகி வந்துச்சு. முதல் அட்டை உனக்குத்தான்.”

அவர் எட்டிப் பார்த்தார். கையை நீட்டவில்லை.

“தபால்ல போடு.”

“நான் உன் முன்னாடி நிக்கிறேன்மா.”

“நேத்து ஒருத்தி நின்னா. அவளையும் இதையே சொல்லித்தான் அனுப்பினேன்.”

“பெத்த புள்ளைகிட்டயே சட்டம் பேசுற ஒரே பொம்பளை இந்த ஊர்லயே நீதான்.”

“பெத்ததாலதான் பேசுறேன். நாளைக்கு நீ பெரிய ஆளானதும், அம்மா தயவுல உள்ள வந்தவன்னு எவனும் உன்னைச் சொல்லக் கூடாது. போ. போய்த் தபால்ல போடு.”

அவன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்தான். “சரிங்க மேடம், நாளைக்குப் போடுறேன்” என்று அம்மா கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனான். அவர் கன்னத்தில் கொஞ்சம் நீலப் பெயின்ட் ஒட்டிக்கொண்டது. வேலை முடிந்து போகும்போதும் அதைத் துடைக்காமல்தான் போனார்.

அட்டை வரவில்லை. அந்த வாரமே அவன் காய்ச்சலில் விழுந்தான். அந்த வருடங்களில் இந்த ஊரில் வாலிபப் பையன்களை வாரிக்கொண்டு போன நோய் ஒன்று இருந்தது. அதுதான். கண்காட்சி நடக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அம்மாவும் மகனும் என்னென்னவோ பேசியிருப்பார்கள். அட்டையைப் பற்றி அவரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கோடைகாலம் வருவதற்குள் அவன் போய்விட்டான். அவன் துணிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து பை பையாகத் தேடியிருக்கிறார். கிடைக்கவில்லை.

அவன் போனது தெரியும். அட்டையை அவர் இப்படித் தேடியது எனக்கு அப்போது தெரியாது. அவர் தினமும் காலையில் தாமே கீழே இறங்கிவர ஆரம்பித்தார் என்பது மட்டும் தெரியும். நான் மூட்டையைப் பிரிப்பதற்குள் வந்து நிற்பார். “இன்னைக்கு ஏதாவது?” என்பார். மேலே அனுப்பும்வரை பொறுமை இல்லாத பொம்பளை என்றுதான் நினைத்துக்கொண்டேன். வருடக்கணக்காக அப்படித்தான் நினைத்தேன்.

ஒருமுறை எங்கோ தபால் நிலையத்தில் ஒரு இயந்திரத்துக்குப் பின்னால் விழுந்து கிடந்த அட்டை, பல வருடம் கழித்து வந்து சேர்ந்தது. வேறு யாரோ ஒரு ஓவியருடையது. “மிஸ் பிக்கன்ஸ், இதைப் பாருங்க. நடந்தே வந்திருக்கும் போல!” என்று வேடிக்கையாக நீட்டினேன். அவர் தேதி முத்திரையைப் பார்த்தார். அப்படியே தபால் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

“அப்ப வரும்ல, நசாரியோ? இத்தனை வருஷம் கழிச்சும் வரும்ல?”

அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னார். அவன் போட்டிருப்பான் என்று நம்பினார். “நாளைக்குன்னா நாளைக்குப் போடுற பையன்தான் அவன்” என்றார். அதன்பிறகு மூட்டையை நானும் அவரோடு சேர்ந்துதான் பிரிப்பேன்.

இந்த வருடம் நூலகத்தில் பாதி இடத்தை எடுத்துக் காட்சிக்கூடம் ஆக்கப்போகிறார்கள். நூலகத் தலைவர் விட்காம் கெட்டவர் இல்லை. எதையும் குப்பையில் போட அவர் சம்மதிக்கவில்லை. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒரே ஓர் அட்டை இருக்கிற கோப்புகளைக் கலைத்து, எழுத்து வாரியாக ஒரே பொதுக் கோப்பில் சேர்த்துவிடுவது. அட்டை இருக்கும். பெயர் போட்ட கோப்பு இருக்காது, பட்டியலிலும் பெயர் இருக்காது. அந்த வேலை மிஸ் பிக்கன்ஸிடம் வந்தது. அதோடு அவர் ஓய்வு பெறுவதாகவும் முடிவாயிற்று.

அவர் ஆங்கில எழுத்து வரிசைப்படி முதலிலிருந்து ஆரம்பித்தார். யான்சி கடைசிக்கு முந்திய எழுத்து.

குளிர்காலம் முழுக்கக் கலைத்தார். காலையில் கீழே வருவதை மட்டும் நிறுத்தவில்லை. ஒருநாள் நான் கேட்டேவிட்டேன்.

“ரெண்டு இருந்தா கோப்பு தப்பிக்கும்தானே? வீட்டுல அவன் போட்டோ இருக்கும். ஒரு கவர்ல போட்டுத் தெருமுனைப் பெட்டில போடுங்க. நாளைக்கு நானே மேல கொண்டாந்து குடுக்கிறேன். தபால்ல வந்ததுதானே? உங்க சட்டத்துக்கும் கொறை இல்ல.”

“நான் யோசிக்கலைன்னு நினைச்சியா?”

“அப்புறம் என்ன?”

“நசாரியோ, ஒத்தை அட்டை இருக்கிற கோப்பெல்லாம் யாருதுன்னு நினைக்கிற? பாதிக்கு மேல அந்த வருஷங்கள்ல நோயில போன பசங்க. ஒரு ஷோ வெச்சான், ஒரு அட்டை போட்டான், அவ்வளவுதான். என் புள்ளை மாதிரியே. அத்தனை பேர் பேரையும் என் கையால எடுத்துட்டு வர்றேன். இவனை மட்டும் ஒளிச்சு வெச்சா அந்தப் பசங்களோட அம்மாக்களுக்கு நான் என்ன சொல்றது?”

“அவங்களுக்கு எங்க தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியும்ல?”

நான் அடுத்த மூட்டையைப் பிரிக்க ஆரம்பித்தேன்.

என் பேத்தி பிறந்தது மார்ச்சில். போனை எடுத்துக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்கினேன். பார்க்காத ஆள் கிடையாது. மிஸ் பிக்கன்ஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“உன் மூக்கு வரல. நல்ல நேரம்.”

“கன்னத்துல குழி பாத்தீங்களா? ஒரு பக்கம்தான்!”

“பாத்தேன், பாத்தேன். நாலாவது தடவை காட்டுற.” போனைத் திருப்பிக் கொடுத்தார். “இதைக் காகிதத்துல போட்டு அவ பேருக்குத் தபால்ல அனுப்பு. அனுப்பணும்னு நினைச்ச அன்னைக்கே அனுப்பு, நாளைக்குன்னு வைக்காத.”

பிறகு அலமாரிப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“இத்தனை வருஷத்துல இங்க எத்தனையோ பேர் வந்து எத்தனையோ கோப்பு கேட்டிருக்காங்க. அவனோடதை ஒருத்தர் கேட்டதில்ல. வெள்ளிக்கிழமை மத்தியானம் அவன் எழுத்து வந்துரும். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை யாராவது கேக்கணும்னு இருக்கு.”

“நான் கேக்கறேன்.”

“சும்மா வந்து கேக்க முடியாது. வாசகரா வரணும். முன்னாடியே எழுதிக் குடுக்கணும். எதுக்குப் பாக்குறீங்கன்னு கேப்பாங்க.”

“என்னன்னு போட?”

கொஞ்சம் யோசித்தார். “ஆராய்ச்சின்னு போடு.”

“நானா? ஆராய்ச்சியா?”

இருவரும் சிரித்தோம். ரொம்ப நேரம் சிரித்தோம். சிரித்து முடித்து அவர் கண்ணாடியை மறுபடியும் துடைத்தார்.

அந்தக் கோப்பு இப்போது இல்லை. நான் கேட்டுவிட்டால் மட்டும் அது தப்பிவிடாது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அட்டை மட்டும் முகம் தெரியாத பல அட்டைகளுக்கு நடுவே பொதுக் கோப்பில் கிடக்கிறது. மிஸ் பிக்கன்ஸ் தெற்கே தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். காலையில் “இன்னைக்கு ஏதாவது?” என்று கேட்க ஆளில்லை. ஆனாலும் மூட்டையைப் பிரிக்கும்போது அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் மேலே அனுப்புகிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலை அவர் கீழே வரவில்லை. நான் பேத்தியின் ஞானஸ்நானத்துக்கு வாங்கிய சட்டையைப் போட்டுக்கொண்டு ஆறாவது மாடிக்குப் போனேன். பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு பென்சில் கொடுத்தார்கள். கையைக் கழுவிவிட்டு வாசிப்பறையில் போய் உட்கார்ந்தேன். மிஸ் பிக்கன்ஸ் தொப்பியைக் கழற்றித் தம் மேசைமேல் வைத்திருந்தார். என்னை முன்பின் பார்த்திராதவர்போல எழுந்து வந்தார்.

“எந்தக் கோப்பு வேணும் ஐயா?”

“யான்சி. கார்டெல் யான்சி.”

அந்த அறையில் அந்தப் பெயரை வேறொரு வாய் சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. தலையை அசைத்துவிட்டு அலமாரிகளுக்கு நடுவே போனார். வர நேரமாயிற்று. வரும்போது கோப்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். தூங்குகிற என் பேத்தியை மகள் அப்படித்தான் கொண்டுவந்து என் மடியில் விடுவாள். கோப்பை என் முன்னால் வைத்துத் திறந்தார். உள்ளே அந்த ஒரே அட்டை. மஞ்சள் நிறச் சமையலறை நாற்காலி ஒன்று வரைந்திருந்தது. அதன்மேல் ஒரு தொப்பி. நான் அவர் மேசையைத் திரும்பிப் பார்த்தேன். அதே தொப்பி.

கோப்பை வைத்ததும் அவர் தம் இடத்துக்குப் போய்விடுவது வழக்கம். அன்றைக்குப் போகவில்லை. பக்கத்திலேயே நின்று, வருகிற வாசகர் எல்லாரிடமும் சொல்வதை என்னிடமும் சொன்னார்.

“மெதுவா பாருங்க ஐயா, அவசரமில்ல. பாத்து முடிச்சதும், உள்ள இருக்கிறதெல்லாம் எந்த வரிசையில இருந்துச்சோ, அதே வரிசையில திருப்பி வெச்சிடுங்க.”