நாற்பது அடி

திருவொற்றியூர்க் கரையில் கொட்டியிருந்த கருங்கல்லின்மேல் உட்கார்ந்து ஒருவர் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். "அந்தாண்ட வலை வுட்டா மாட்டிக்குது சார். தண்ணிக்குள்ள வூட்டு சொவரு கீது" என்றார்.

"அது எங்க வூடுதான்" என்றேன், ஏதோ கடலடியில் பங்களா வைத்திருப்பவன் மாதிரி.

"அப்ப நீயே வலைய தச்சுக் குடு நைனா."

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் கடலிலிருந்து ஐந்தாவது வீடு எங்களுடையது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் கடல் ஒரு வீட்டைத் தின்றது. நான் பள்ளியில், "நாங்க இப்ப நாலாவது", "இப்ப மூணாவது" என்று பீற்றிக்கொள்வேன். என் வாழ்க்கையில் ரேங்க் ஏறியது அதில் மட்டும்தான்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அப்பா, தினமும் காலையில் வாசலிலிருந்து அலைவரை அடியெண்ணி நடப்பார். திரும்பி வந்து அம்மாவிடம், "நாப்பது அடி கீது. பயப்படாத" என்பார். முன்வீடுகள் எல்லாம் போன பிறகும் அதே நாற்பதுதான்.

ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். எட்டுவைத்து நடக்கிற மனிதர், ஒரு காலின் பெருவிரலை ஒட்டி மறுகாலின் குதிகாலை வைத்து, எறும்புபோல் நகர்ந்து எண்ணிக்கொண்டிருந்தார்.

சிரித்துக்கொண்டே ஓடிப்போய் அம்மாவிடம் போட்டுக்கொடுத்தேன். அம்மா சிரிக்கவில்லை. பாத்திரமெல்லாம் ஏற்கெனவே சாக்கில் கட்டியிருந்தது.

"எனக்குத் தெரியும்டா. போலாம்னு அவரா சொல்லட்டும்னுதான் குந்திகினு கீறேன்."

அப்பா உள்ளே வந்தார். சாக்கைப் பார்த்தார். அன்று எண்ணிக்கை எதுவும் சொல்லவில்லை. குனிந்து மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டார்.