டிலக்ஷி போடும் வட்டம்

குற்றச்சாட்டு இது: 2025 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை, வெள்ளவத்தையில் இறுதிச்சடங்குக்காக நாங்கள் அமர்த்திய மலர்ச்சாலையில், என் தமக்கை அருந்ததியின் பெட்டி மூடப்படுவதற்கு முன், ரொறன்ரோவிலிருந்த அவரின் ஒரே மகன் கார்த்திகனுக்கு, நேரலை என்ற பெயரில் அசையாப் படம் ஒன்று காட்டப்பட்டது. அவன் அதை அறியவில்லை. பெட்டியருகே நின்ற நாங்களும் அறியவில்லை.

இதைக் கடிதமாகத் தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு நான் கொட்டாஞ்சேனையில் ஒரு மாடிப்படி ஏறியபோது, அந்த நேரலையை நடத்திய டிலக்ஷி மவுஸால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். திரையில் ஒரு சிறு ஜன்னலைப் பிடித்துச் சுற்றிச் சுற்றி இழுத்தார். பின்னணியில் பழைய கலியாண வீடியோக்கள் சில ஒன்றாகச் சுருக்கப்பட்டுக்கொண்டிருந்தன, கணினி இரைந்தது. "இவ்வளவு வேலைக்குள்ளயும் ஜன்னல் வழுக்கிக்கொண்டு வரணும் அங்கிள். இழுபட்டு வந்தா சரிவராது." கணினியை அவர் 'மல்லி' என்று அழைக்கிறார், சிங்களத்தில் தம்பி. அறையிலிருந்த ஒரே மின்விசிறி மல்லியை நோக்கியே சுழன்றது. டிலக்ஷி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் பால் விடாத பிளேன்ரீ, ஆறிப்போயிருந்தது.

நான் ஏன் வந்தேன் என்பதைச் சொன்னேன். எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு முடிந்த மறுநாள் கார்த்திகன் தொலைபேசியில் கேட்டான்: "மாமா, அம்மாவுக்கு வாய்க்கரிசி போட ஒருத்தரும் வரேல்லையோ?"

என் கையால் போட்ட அரிசி அது. எனக்குப் பின்னால் முழுக் குடும்பமும் போட்டது. அப்படியே சொன்னேன்.

"கண்வெட்டாமல் பாத்துக்கொண்டிருந்தனான், மாமா. தேவாரம் கேட்டது. அம்மாவின்ர முகம் தெரிஞ்சது. ஒரு கையும் வரேல்லை. சும்மா என்னைச் சமாதானப்படுத்தாதேங்கோ."

அதன்பின் அவன் என் அழைப்பை எடுப்பதில்லை. மலர்ச்சாலையிடம் பதிவைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒலி ஓடுகிறது, படம் நிற்கிறது. அரிசி போட்டதற்கு வேறு சான்றும் கிடையாது. மரியாதை கருதி, கைபேசியை ஒருவரும் வெளியே எடுக்க வேண்டாம் என்று கட்டளையிட்டவன் நானே.

டிலக்ஷி மறுக்கவில்லை. "முதல்ல இதப் பாருங்க" என்று இரண்டு திரைகளை என் பக்கம் திருப்பினார். ஒரே வகைக் கணினிகள், ஒரே சுமை. இரண்டின் கமராக்களும் மேசையிலிருந்த ஒரு புனிதரின் சிறு சுரூபத்தைப் பார்த்தன. "ஒண்டு ஓடுது, ஒண்டு நிண்டுட்டுது. எது எதுன்னு சொல்லுங்க."

ஓரங்களையும் நிழல்களையும் ஒப்பிட்டு, அவசரப்படாமல், இடது திரை ஓடுகிறது என்றேன். அவர் சுரூபத்தின் முன்னால் கையை நீட்டினார். வலது திரையில் கை வந்தது. இடது திரையில் வரவில்லை. என் கண்ணெதிரே நீண்டிருந்த கை அந்தத் திரையில் இல்லவே இல்லை. என் கையும் இவ்வாறுதான் இல்லாமற் போயிருக்கிறது. நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தேன்.

கணினிக்குள் எந்த வேலை எப்போது ஓடவேண்டும் என்று முறை வைக்கும் பகுதிக்கு ஸ்கெடியூலர் என்று பெயராம். அதை வெவ்வேறு விதமாக வடிவமைத்திருக்கிறார்கள். அவற்றை மாற்றி மாற்றிப் போட்டு வட்டம் இழுப்பதே டிலக்ஷியின் பொழுது. இடப்பக்கத்தில் இருந்தது எல்லாருக்கும் சமபங்கு கொடுக்கும் பழைய வடிவம்.

"சமபங்கு நியாயந்தானே?" என்றேன்.

"அப்படித்தான் நானும் நினைச்சன். ஆனா வீடியோ சுருக்கிற வேலை ஒராளா வராது அங்கிள், பத்துப் பதினைஞ்சு ஆளாப் பிரிஞ்சு வரும். ஆளுக்கு ஒரு பங்குன்னா அதுக்கே எல்லாம் போயிடும். செத்த வீட்டில தட்டோட ரீ குடுத்துக்கொண்டு போறாங்க. ஒருத்தர் மாத்திரையை வாயில போட்டுட்டு நிக்கிறார். வரிசைப்படி வந்தா அவர் கதி என்ன? நேரலையும் அவர் மாதிரித்தான். வலப்பக்கத்து வடிவம், ஆருக்கு அவசரமோ அவருக்கு முதல்ல ஒரு வாய் தண்ணி குடுக்கும். பிறகு ரீ."

"அப்படியானால் அன்று ஏன் அதைப் போடவில்லை?"

"போட்டுத்தான் வச்சிருந்தன். அதில ரீ பிந்தும், வீடியோ சுருக்கிற வேலை." காலை நிகழ்வுகளின் நினைவுக் காணொளி, சனம் வெளியேறும்போது பென்டிரைவில் வாசலில் தயாராக இருக்கவேண்டும் என்பது மலர்ச்சாலை முகாமையாளர் ஷெல்டனின் கட்டளை. அதையும் அதே கணினிதான் சுருக்கவேண்டும். பிந்துகிறது என்று ஷெல்டன் வேறோர் ஆளைப் பிடித்துப் பழைய வடிவத்துக்கே மாற்றுவித்தார். "ஒளிபரப்பு நிண்டா ஆர் கண்டா, பென்டிரைவ் பிந்தினா எல்லாரும் சத்தம் போடுவாங்கன்னார்."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "அண்டைக்கு நானும் வட்டம் போட்டுப் பாத்தன். மவுஸ் நகரவே இல்ல. படம் நிண்டுட்டுதுன்னு விளங்கிட்டுது. சொல்லல்ல."

"ஏன்?"

"செத்தவங்கட முகம் அசையாதுதானே. ஒருத்தருக்கும் தெரியாதுன்னு நினைச்சன்."

இத்தனை வயதில் இதைப்போன்ற வாக்கியத்தை நான் கேட்டதில்லை. அதைச் சொன்னவரும் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும், தலைமாட்டுக் குத்துவிளக்கையோ மெழுகுதிரியையோ படச்சட்டத்துக்குள் நகர்த்திவைத்த பிறகே டிலக்ஷி ஒளிபரப்பைத் தொடங்குகிறாராம். "சுடர் ஆடுதான்னு அங்கால இருக்கிறவங்களே பாத்துக்கொள்ளலாம். எனக்கு ஃபோன் பண்ணி ஏசலாம்." ஷெல்டனுக்கு இது பிடிக்கவில்லை. அவரைப் பகைத்தால் வெள்ளவத்தையில் டிலக்ஷிக்கு வேலை கிடைக்காது.

அதை எண்ணித்தான், என் கடிதத்தில் பதிலளிக்க வேண்டியவர்களின் இரண்டு பெயர்களில் டிலக்ஷியின் பெயரைப் பேனாவால் வெட்டினேன். ஷெல்டனின் பெயர் மட்டும் நின்றது. அதன்கீழ் இறுதி வரி: படம் நின்றது உண்மையா, யார் அறிந்திருந்தார்கள் என்பதற்கு எழுத்துமூலம் பதில் தருக.

டிலக்ஷி கடிதத்தை வாங்கி வாசித்தார். என் பேனாவைக் கேட்டார். வெட்டிய பெயரின் மேல் தன் பெயரை முழுதாகத் திரும்ப எழுதினார். பிறகு பிளேன்ரீயைத் தள்ளிவைத்துவிட்டு, அச்சுப்பொறியிலிருந்து வெற்றுத்தாள் ஒன்றை உருவி, திகதியிட்டு, 'அன்புள்ள கார்த்திகன் அண்ணா' என்று தொடங்கினார்.