பிரேக் தட்டில் தேங்காய் எண்ணெய்

சைக்கிள் வாங்கப் போனபோது நான் முதலில் பார்த்தது டயரைத்தான். எங்கள் பக்கத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களில் வெட்டிப் போட்ட மட்டைகளில் வரிசையாக முள் இருக்கும். டியூப் போட்ட சாதாரண டயர் அந்தப் பாதையில் அரை நாள்கூடத் தாங்காது. அதனால் டியூப் இல்லாத, அகலமான டயராகத் தேர்ந்தெடுத்தேன். அதற்குள் ரப்பர் பால் மாதிரி ஒரு திரவத்தை ஊற்றி வைப்பார்கள். முள் குத்தினால் அது ஓட்டைக்கு வந்து உறைந்து அடைத்துக்கொள்ளும்.

அடுத்தது எடை. பின்பக்கமும் ஸ்பிரிங் வைத்த சைக்கிள்கள் மலையில் சொகுசாக இருக்கும், ஆனால் நூறு கிலோமீட்டர் மிதிக்கும்போது அந்தச் சொகுசையும் சேர்த்துத்தான் சுமக்க வேண்டும். பழுது பார்க்க வேண்டிய மூட்டுகளும் அதில் அதிகம். முன்பக்கம் மட்டும் ஸ்பிரிங் உள்ள ஒன்றை, ஒருவர் ஓட்டிப் பழகியதை, ரவாங் டவுனில் வாங்கினேன். மழைக்காலத்துக்குத் தனிச் செயின் எண்ணெய், வெயிலுக்குத் தனி எண்ணெய். சட்டத்துக்கு நடுவில் மாட்டும் பையில் பம்பு, திருகு சாவி, அவசரத்துக்கு ஒரு டியூப், அதற்கு ஒட்டுப் போடும் பெட்டி, மாற்றுச் செயின் கண்ணி. பிரேக்கைப் பற்றி மட்டும் நான் அதிகம் யோசிக்கவில்லை. கோலசிலாங்கூரில் பிறந்தவளுக்கு இறக்கம் என்பது பழக்கத்தில் இல்லாத விஷயம். பயிற்சிக்குத் தஞ்சோங் காராங் வயல்களுக்குப் போவேன். அங்கே வாய்க்கால் கரை கண்ணுக்கு எட்டிய வரை ஒரே மட்டமாகப் போகும். மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிள் தானாக நின்றுவிடும்.

எங்கள் வீட்டில் ஆறாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர், தோட்டத்தில் குலை வெட்டுகிறார். அம்மா பள்ளிக்கூடமே போனதில்லை. நான் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். வருகிற பொருள் சரியா இல்லையா என்று சொல்லிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. சைக்கிளுக்கும் அதே மாதிரி ஒரு நோட்டு வைத்திருந்தேன். செயின் கழுவிய நாள், டயர் காற்று, எந்தத் திருகை எவ்வளவு இறுக்கினேன் என்பதெல்லாம் அதில் இருக்கும். வேறு யாரையும் சைக்கிளைத் தொட விட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கு பேர் கொண்ட ஒரு குழுவோடு ஓட்டுவேன். குழுவை நடத்துகிறவர் லோரி ஓட்டுநர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். டிசம்பரில் அவர்கள் நான்கு நாள் மலைப் பயணம் ஒன்று வைத்திருந்தார்கள். ஒரு இடம் காலியாக இருந்தது. எனக்கு அது வேண்டும். அவர் ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். பத்தாங் காலிக்குப் பின்னால் இருக்கும் மலைத் தோட்டம் வரை போய்த் திரும்ப வேண்டும், வழியில் என்ன கெட்டாலும் நானே சரிசெய்துகொள்ள வேண்டும்.

அந்த ஞாயிறுக்கு மூன்று நாள் முன்னால் ஆயுத பூசை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, அப்பாவின் குலை வெட்டும் அரிவாள், உளி, மருந்தடிக்கும் பம்பு, மோட்டார் சைக்கிள் ஆகியவற்றோடு என் சைக்கிளும் சாமிப் படத்துக்கு முன்னால் நின்றது. ஹேண்டிலில் மாலை. இரண்டு சக்கரங்களிலும் பிரேக் பிடிக்கும் இரும்புத் தட்டின் மேல் வட்டமாகச் சந்தனம், நடுவில் குங்குமம்.

"என் சைக்கிள ஏம்மா எடுத்தீங்க?"

"எல்லாத்தையும் கும்பிட்டுட்டு அத மட்டும் மூலையில போட்டு வைக்கவா? மலைக்கு வேற போறேங்கிற."

"நானே கழுவி வெச்சிருப்பேன்ல."

"எப்ப? நீதான் விடிஞ்சதும் வேலைக்கு ஓடிட்ட. தொடச்சு வெச்சிருக்கேன் பாரு லா, கண்ணாடி மாரி இருக்கு."

உண்மையிலேயே பளபளவென்றுதான் இருந்தது. மறுநாள் ஈரத்துணியால் சந்தனத்தையும் குங்குமத்தையும் துடைத்தேன். நோட்டில் 'சுத்தம் செய்தாயிற்று' என்று எழுதினேன். அம்மா எதை வைத்துத் துடைத்தார் என்று கேட்கவில்லை. அரிவாளுக்கு அப்பா தினமும் தடவுவது பழைய இஞ்சின் எண்ணெய். அந்தக் கறுப்பு எண்ணெயைச் சாமிக்கு முன்னால் வைக்கக் கூடாது என்று, ஆயுத பூசைக்கு மட்டும் அம்மா எல்லா இரும்பையும் தேங்காய் எண்ணெயால் துடைப்பார். சின்ன வயதிலிருந்து வருடா வருடம் நான் பார்த்ததுதான். இருந்தும் எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிறு விடிந்ததும் பாசிர் பெனம்பாங் பக்கத்தில் கூடினோம். முதல் சாலைச் சந்திப்பில் நிற்கும்போது என் பிரேக் கீச்சென்றது. இரவு மழை, ஈரம் என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தோட்டத்துச் செம்மண் பாதை. பிரேக்கைப் பிடிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. மலைத் தோட்டத்து ஏற்றத்தில் ஐந்து பேரில் இரண்டாவதாக மேலே போய்ச் சேர்ந்தேன்.

இறக்கத்தில் முதல் வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் அழுத்தினேன். விரலுக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சக்கரம்தான் கேட்கவில்லை. வேகம் கூடிக்கொண்டே போனது. வளைவுக்கு அந்தப் பக்கம் பள்ளம். இந்தப் பக்கம் மரங்களுக்கு நடுவில் வெட்டி அடுக்கிய மட்டைக் குவியல். குவியலுக்குள் விட்டேன்.

எலும்பு எதுவும் உடையவில்லை. இரண்டு கையிலும் முள் கிழித்த கோடுகள். மற்றவர்கள் வந்து என்னைத் தூக்கினார்கள். குழுவை நடத்தும் அண்ணன் பிரேக் தட்டை ஒரு விரலால் தடவி முகர்ந்து பார்த்தார்.

"தேங்கா எண்ணெ."

குழுவில் ஒருவர் வங்கி ஊழியர், எதற்கும் கிண்டல் செய்பவர். "தீவாளி இன்னும் வரவே இல்ல, அதுக்குள்ள சைக்கிளுக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டிட்டியா?"

"அம்மா ஆயுத பூசைக்குத் தொடச்சாங்க."

"எங்கம்மா என் காரு கண்ணாடி முழுக்கப் பட்ட போட்டு வுட்டுச்சு. ஆபீஸ் வரைக்கும் தலைய வெளிய நீட்டிக்கிட்டே போனேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

"எண்ணெ போட்டது அம்மா. ஏறி உக்காந்தது யாரு?"

"நான்தாண்ணே."

"பொறப்படறதுக்கு முன்ன எங்கயாவது எறக்கத்துல அழுத்திப் பாத்தியா?"

"எங்க பக்கம் ஏதுண்ணே எறக்கம்?"

"ஆத்துப் பாலம் இல்ல? ஏறி எறங்குனா தெரிஞ்சிருக்கும்ல?"

நான் வாரத்தில் நான்கு முறையாவது கடக்கும் பாலம் அது.

"குலை ஏத்துற லோரி ஒன்னு மேல வந்திருக்கு. சைக்கிள ஏத்திட்டு டவுனுக்குப் போயிரு தங்கச்சி. டிசம்பர் பத்தி அப்புறம் பேசுவோம்."

அந்த 'அப்புறம்' என்ன என்று எனக்குத் தெரியும். "அரை மணி நேரம் குடுங்கண்ணே" என்றேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஒரு மட்டையின் மேல் உட்கார்ந்தார்.

நான் மாற்று பிரேக் கட்டைகள் கொண்டு வரவில்லை. தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் அந்தச் சிறிய கட்டைகளைக் கழற்றினேன். எண்ணெய் ஊறி ஓரம் கறுத்திருந்தது. ஒட்டுப் போடும் பெட்டியில் டியூபைத் தேய்க்க ஒரு துண்டு உப்புத்தாள் இருந்தது. அதில் கட்டையின் முகத்தைப் பளபளப்பு போகும் வரை தேய்த்தேன். தட்டைத் துடைக்க ஏதாவது வேண்டும். வங்கி ஊழியர் சாப்பாட்டுக்கு முன்னால் கையில் ஊற்றிக்கொள்ளும் சானிடைசர் போத்தலை நீட்டினார். "முழுக்கக் காலி பண்ணிராத, இன்னும் நாசி லெமாக் சாப்புடல" என்றார். காலி செய்தேன்.

மாட்டிய பிறகு மேட்டின் மேல் இருந்த சமதரையில் ஓட்டுவதும் அழுத்துவதுமாக இருபது முறை. அப்போதுதான் கட்டை மறுபடியும் தட்டைப் பிடிக்கப் பழகும். அண்ணன் எழுந்து வந்து பாதைக்குக் குறுக்கே பூட்ஸால் ஒரு கோடு கிழித்தார்.

"மேல இருந்து வா. இதுல நிக்கணும்."

முதல் முறை இரண்டு சைக்கிள் நீளம் தாண்டிப் போய் நின்றேன். மறுபடி கழற்றித் தேய்த்தேன். உப்புத்தாள் வெறும் காகிதமாகிவிட்டது. இரண்டாவது முறை, முன்சக்கரம் கோட்டைத் தாண்டி நின்றது. அவர் குனிந்து கையால் அளந்தார்.

"ஒரு சாண்."

"புதுக் கட்ட போட்டா அந்தச் சாணும் கொறையும்ணே."

"பாலத்துல அழுத்திப் பாத்துட்டு எனக்கு வீடியோ அனுப்பு. அப்புறம் வா, டிசம்பருக்கு." பிறகு மற்றவர்களிடம் திரும்பி, "இவ முன்னால போகட்டும், நாம பின்னால. இல்லாட்டி நம்ம முதுகுலதான் வந்து நிப்பா" என்றார்.

வீட்டில் என் கையைப் பார்த்ததும் அம்மா மஞ்சள் எடுத்து வந்தார். பிரேக்கில் எண்ணெய் பட்டால் பிடிக்காது என்பதைச் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன்.

"ஒன்னு கேக்கறேன்," என்றார் அம்மா. "நான் தொடச்சு மூணு நாள் ஆவுதுல்ல. நீ அத எடுத்துப் பாக்கவே இல்லியா? படிச்ச புள்ள."

அண்ணன் மலையில் சொன்னதும் இதுதான். அவர் சொன்னபோது ஒப்புக்கொள்ள முடிந்தது. அம்மா சொன்னபோது மஞ்சள் எரிகிறது என்று கையை இழுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் புதுக் கட்டைகள் வந்தன. வாசலில் உட்கார்ந்து மாட்டினேன். அம்மா பக்கத்தில் வந்து நின்று, தட்டுக்கு எண்ணெய் ஆகாது, செயினுக்கு எண்ணெய் வேண்டும், ஏன் என்று கேட்டார். சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு தட்டை ஒரு விரலால் காட்டி, தொடாமல், "அப்ப இதுக்குப் பொட்டு வைக்கணும்னா எங்க வைக்கிறது?" என்றார்.

"சீட்டுலம்மா."

"உக்கார்ற எடத்துலயா?" என்று முகத்தைச் சுளித்தார் அம்மா.