கோலத்தில் போட்ட பைப் லைன்

1. வெறுங்காலோடு

சாலவாக்கம் தாண்டித் திருமுக்கூடல் ரோட்டில் வேகமாக நடந்துகொண்டிருந்தேன். தோளில் டூல்ஸ் பை, பைக்குள் பைப் ரெஞ்சு. காலில் செருப்பு இல்லை. கோபத்தோடு ஒரு வீட்டைவிட்டு இறங்கியவன் செருப்பை வாசலிலேயே மறந்துவிட்டேன். தெருமுனை தாண்டிய பிறகுதான் நினைவு வந்தது. செருப்புக்காகத் திரும்பிப் போனால் அந்தக் கோபத்துக்கு என்ன மரியாதை? மாலையிலும் தார் சுட்டதால் ஓரத்துப் புல்லில் நடந்தேன்.

பாலாற்றைக் கடந்தால் பழைய சீவரம் ஸ்டேஷன். எந்த ரயில் முதலில் வருகிறதோ அதில் ஏறிவிடுவது என்று முடிவு. என் சர்வீஸில் பாதி இப்படித்தான் போனது. எட்டாம் வகுப்புப் பரீட்சையில் பாதியில் எழுந்து வந்தவன் நான். பிறகு ஓசூரில் ஒரு சைட், திருப்பூரில் ஒரு சைட், மழை விடாத மங்களூரில் ஒரு சைட். சிமெண்ட் மூட்டைமேல் தூங்கியிருக்கிறேன். ஒருவேளைச் சோற்றில் வாரக்கணக்கில் ஓட்டியிருக்கிறேன். அதெல்லாம் தொழிலில் உள்ளதுதான். ஆனால் ஒரு கோலத்தைப் பார்த்து வேலையை விட்டு ஓடியது அந்த ஒரு தடவைதான்.

2. தரையில் பிளான்

உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டுக்காரர் ஏகாம்பரம், விவசாயி. இடுப்பில் ஆபரேஷன் ஆகிச் செங்கல்பட்டில் ஆஸ்பத்திரியில் இருந்தார். இனி அவர் குந்தி உட்காரக் கூடாது, வெஸ்டர்ன் டாய்லெட் கட்டாயம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை அவர் வீட்டுக்கு வருவதற்குள் பழைய பாத்ரூமை மாற்றித் தர வேண்டும். வேலையை என்னிடம் கொடுத்தவர் அவர் மனைவி சரோஜாக்கா. ஏகாம்பரத்தை நான் பார்த்ததில்லை.

என்னுடைய முறை ஒன்று உண்டு. காகிதத்தில் பிளான் போடமாட்டேன். அதைப் படிக்க எனக்கும் பொறுமை இல்லை, கொத்தனாருக்கும் பழக்கம் இல்லை. வீட்டு ஹாலில், சிமெண்ட் தரையில், பாத்ரூமை முழு அளவில் வரைந்துவிடுவேன். பச்சைத்தண்ணீர் லைன் சாக்பீஸ், சுடுதண்ணீர் லைன் செங்கல் துண்டு, கழிவு லைன் அடுப்புக்கரி. க்ளோசெட் வரும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் நானே உட்கார்ந்து பார்ப்பேன். முட்டி இடிக்கிறதா, குழாய் கைக்கு எட்டுகிறதா, கதவு திறந்தால் மூக்கில் படுகிறதா? எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். வியாழக்கிழமை நான் அப்படி உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு போனார்கள்.

க்ளோசெட்டை மூலையில், இடதுபக்கச் சுவரை ஒட்டி வைத்திருந்தேன். சரோஜாக்கா வந்து பார்த்தார்.

"அத நடுவுல வெய்யேன்பா."

"வாட்டம் கிடைக்காதுக்கா" என்றேன்.

தம்பிகளே, இது எங்கள் தொழிலின் பழைய தந்திரம். கழிவு பைப் சரிந்து இறங்க வேண்டிய சரிவுக்குப் பெயர் வாட்டம். வாட்டம் கிடைக்காது என்று சொல்லிவிட்டால் எந்தக் கஸ்டமரும் மேலே பேசமாட்டார். உண்மையில் செப்டிக் டேங்க் பின்சுவருக்கு நேர் பின்னால்தான் இருந்தது. எங்கே வைத்தாலும் வாட்டம் கிடைக்கும். நடுவில் வைத்தால் குளிக்கிற இடம் குறுகுமே என்பதுதான் என் கணக்கு. அவர் இன்னொரு தடவை சொன்னார். நானும் இன்னொரு தடவை வாட்டம் சொன்னேன்.

3. வெள்ளிக்கிழமை

மறுநாள் காலை சாமான் வாங்கக் காஞ்சிபுரம் போனேன். தரையில் இருக்கிற பிளானை டேப்பால் அளந்து, பைப் புதைக்கச் சுவரில் காடி வெட்டச் சொல்லிக் கொத்தனார் பச்சையப்பனிடம் முன்பே சொல்லியிருந்தேன். அவர் நல்ல வேலைக்காரர். தரையில் இருப்பதை நூல் பிசகாமல் சுவரில் கொண்டுவருவார். இல்லாததைக் கேட்கமாட்டார்.

மாலை வேனில் க்ளோசெட்டோடு வந்து இறங்கினேன். ஹால் பளபளவென்று கழுவியிருந்தது. என் சாக்பீஸ் இல்லை, கரி இல்லை. அந்த இடத்தில் பச்சரிசி மாவில் ஒரு பாத்ரூம் இருந்தது.

க்ளோசெட் நட்ட நடுவில். அதன் வலதுபுறம் ஒரு குழாய், அதற்கு ஜோடியாக இடதுபுறம் ஒரு குழாய். வலதுசுவரில் ஷவர், எதிரே இடதுசுவரிலும் ஷவர். சுடுதண்ணீர் லைன் காவியில், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைந்து போய்ச் சேர்ந்தது. நான்கு மூலையிலும் நான்கு தாமரை. கோலம் என்று பார்த்தால் அழகில் குறை சொல்ல முடியாது.

பாத்ரூமுக்குள் ஓடினேன். எல்லாம் அதேபோல் வெட்டியிருந்தது. நான்கு மூலையிலும் தரையைக் குடைந்து நான்கு ஓட்டை.

"இந்த ஓட்டை எதுக்குய்யா?"

பச்சையப்பன் உளியைக் கீழே வைத்தார். "தாமர போட்டுகீதே. தண்ணி போற நானி டிராப்புன்னு நெனச்சேன்."

"நாலா? ஒரு பாத்ரூமுக்கு நாலு நானி டிராப்பா?"

"சீக்கிரமாத் தண்ணி போவும்னு நெனச்சேன்."

"ரெண்டு ஷவர்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "புருசன் பொண்டாட்டி சமாச்சாரம். அத நான் எப்டி கேக்கறது? உனக்குப் போன் பண்ணேன், உன் போனு செத்துக் கெடந்துச்சி."

சரோஜாக்காவிடம் திரும்பினேன். "அக்கா, பிளானை ஏன் அழிச்சீங்க?"

"வெள்ளிக்கெயம வூடு கயுவாம வுடுவாங்களா? வெளக்கேத்தற எடத்துல கரி இய்த்து வெச்சிகினு போயிட்ட. அயிஞ்சி போச்சேன்னு நான்தான் திரும்பப் போட்டேன்."

"போட்டீங்க சரி, இருந்த மாதிரி போடக் கூடாதா?"

"நீ போட்டது ஒரு பக்கமா இய்த்துகினு கெடந்துச்சி. பாக்கவே பேஜாரா இருந்துச்சி. கைக்கு வரல."

"இது பாத்ரூமுக்கா! மார்கழி மாசத்துப் போட்டி இல்ல!"

"கத்தாத. அந்த மனுசன் ஒக்கார எடமில்லாம அங்க தவிச்சிகினு கீறாரு. நீ இன்னாமோ பத்து நாளு கட்ன கோபுரம் சாஞ்சி போன மாரி குதிக்கற."

"அப்போ நீங்களே கட்டிக்குங்க" என்று பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அந்த இறங்கலில்தான் செருப்பு போனது.

4. டீக்கடை

வழியில் ஒரு டிப்பர் லாரி கொஞ்ச தூரம் ஏற்றிவந்தது. திருமுக்கூடல் பக்கம் இறங்கியபோது இருட்டிவிட்டதால் ஒரு டீக்கடை பெஞ்சில் படுத்துவிட்டேன்.

காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பாலத்துப் பக்கமிருந்து ஒரு வேன் வந்து நின்றது. டிரைவர் முதலில் நான்கு கால் வாக்கர் ஒன்றை இறக்கினார், பிறகு ஒரு பெரியவரை இறக்கினார். பெரியவர் பெஞ்சில் உட்காரப் பார்த்தார். பெஞ்சு சுவரை ஒட்டி இருந்தது. வாக்கர் திரும்பவில்லை. சுவர்ப் பக்கம் நின்று தாங்கிப் பிடிக்கவும் ஆளுக்கு இடமில்லை. அந்தரத்தில் தொங்கியபடி டிரைவரைத் திட்டினார். நான் எழுந்து பெஞ்சைச் சுவரிலிருந்து நகர்த்தி நடுவில் போட்டேன். ஒரு பக்கம் டிரைவர், ஒரு பக்கம் நான். அப்போதுதான் அவரால் உட்கார முடிந்தது.

ஓரமாக வைத்துவிட்டு எழுந்த என் டீ ஆறிப்போயிருந்தது. நான் மூலையில் வைத்த பிளாஸ்டிக் நாற்காலி கண்முன் வந்து நின்றது.

பெரியவர் என் பையைப் பார்த்தார். "இன்னாப்பா அது, ரெஞ்சா? பிளம்பரா நீ?"

"ஆமாங்க."

"சாமிதான் அனுப்சிகீது. எங்க வூட்ல ஒருத்தன் பாத்ரூம ஒடச்சிப் போட்டுட்டு நேத்து ஓடிட்டான்யா. பொண்டாட்டி போன்ல சொன்னா. திங்கக்கெயம போலாம்னு டாக்டரு சொல்றாரு, நான் சண்ட போட்டு இன்னிக்கே கெளம்பி வந்துட்டேன். வேற ஆளு புடிச்சி முடிக்கணும்ல?"

எந்த ஊர் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை.

"எனக்கு அடுத்தவன் கக்கூஸ்ல போவாதுய்யா" என்றார் ரகசியமாக. "என் வூட்டுக்குப் போய்த்தான்னு அடக்கிகினு வரேன். அதுக்குள்ள இந்தப் பொறுக்கி ஓடிட்டான். பாதி வேலையில வுட்டுட்டுப் போறவன் மனுசனா? நீயே சொல்லு."

"இல்லீங்க" என்றேன்.

"வரியா?"

பழைய சீவரத்தில் ரயில் ஊதியது கேட்டது. பையை எடுத்து வேனுக்குள் வைத்தேன்.

வழி நெடுக ஏகாம்பரம் அந்தப் பிளம்பரைத் திட்டிக்கொண்டே வந்தார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். இடையிடையே மனதில் வேலையைப் பிரித்தேன். மூன்று மூலை ஓட்டையை அடைக்க வேண்டும், ஒன்று போதும். ஒரு ஷவர் காடியைப் பூசிவிட்டு அங்கே பிடித்துக்கொள்ளக் கம்பி அடிக்கலாம். க்ளோசெட் நடுவிலேயே இருக்கட்டும். மாலைக்குள் அதைத் தரையில் உட்கார வைத்துவிட்டால் இவர் இன்றே பிழைப்பார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பிளான் போடும்போது நாற்காலியில் நீங்கள் உட்காராதீர்கள். உங்கள் இடுப்பு நன்றாக இருக்கிறது. உட்காரப் போகிறவர் யார், அவரைத் தாங்கிப் பிடிக்கப் போகிறவர் யார், இரண்டு பேருக்கும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்காரம்மா ஒன்றை இரண்டு தடவை சொன்னால் வாட்டத்தைக் காட்டி வாயை அடைக்காதீர்கள். வியாழக்கிழமை தரையில் எதையும் வரையாதீர்கள்.

வேன் நின்றது. ஏகாம்பரம் உள்ளிருந்தே கத்தினார். "சரோஜா! புது பிளம்பர இட்டாந்துகீறேன். இவன் ஓட மாட்டான்!"

சரோஜாக்கா வெளியே வந்தார். நான் முதலில் இறங்க வேண்டியிருந்தது. என்னை மேலிருந்து கீழாக, வெறுங்கால் வரைக்கும் பார்த்தார்.

"எங்க ஓடுவாரு" என்றார். "இந்த மனுசன ஒரு பக்கம் நான் புடிச்சிக்கறேன், இன்னொரு பக்கம் நீ புடி. இதுக்குத்தான் நடுவுல வெய்யின்னேன்."

ஏகாம்பரத்தைத் தாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். நேற்று விட்ட இடத்தில் என் செருப்பு அப்படியே இருந்தது. அடுத்தவன் செருப்பைச் சரோஜாக்கா தொடவில்லை. அதைச் சுற்றிக் காலையில் கோலம் போட்டிருந்தார். செருப்புக்கு அந்தப் பக்கம் ஒரு தாமரை, இந்தப் பக்கம் ஒரு தாமரை.